குதிரையின் முதுகும் சவாரி செய்பவரின் இடுப்பும்

2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தின் டிரஸ்ஸாஜ் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யாகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்று நான்கு பேர் கொண்ட அணி. சிறந்த மூன்று பேரின் மதிப்பெண்களைக் கூட்டினால் 209.205. குதிரையேற்றத்தில் இந்தியா ஆசியத் தங்கம் பார்த்து அப்போது 41 வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அனுஷ் களமிறங்கினார். ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியர் அவர்தான்.

செய்தி எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காட்சிகளைப் பார்த்த பலருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. குதிரை வேகமாக ஓடவில்லை, தடை எதையும் தாண்டவில்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் திடலில் நடந்தது, வட்டம் போட்டது, சாய்ந்து சாய்ந்து போனது, நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பியது. நடுவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டார்கள். எதைப் பார்த்துப் போட்டார்கள்?

குதிரைகளோடு தினமும் வாழும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மலைகளில் இருக்கின்றன. ஊட்டியில் கோடைக்காலம் என்றாலே குதிரைப் பந்தயம் என்று இருந்தது. குத்தகை பாக்கி விவகாரத்தில் 2024 ஜூனில் அந்த 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொள்ளும் வரைக்கும் அப்படித்தான். படகு இல்லத்தின் அருகிலும் ஒன்பதாவது மைலிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரைகள் நிற்கும். கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் அதே காட்சி. சாலை எட்டாத வெள்ளகவி போன்ற மலைக்கிராமங்களுக்கு அரிசி மூட்டையும் குதிரை முதுகில்தான் போய்வந்தது. பந்தயம், சவாரி, பொதி என்ற மூன்றும் நமக்குத் தெரியும். டிரஸ்ஸாஜ் இந்த மூன்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: ஒரு மனிதரைச் சுமந்துகொண்டே குதிரை எப்படிப் பல வருடம் ஆரோக்கியமாக இருப்பது?

குதிரை முதுகு அகலமாக, தட்டையாக இருப்பதைப் பார்த்து, ஏறி உட்காரத் தோதாக அமைந்ததாக நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் கட்டமைப்பு வேறு மாதிரி. நமக்குக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்பு மூட்டே இல்லை. மார்புக்கூடு முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கு இடையில் தசைகளின் பிடியில் தொங்குகிறது. சும்மா நிற்கும்போதே எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல் விழுகிறது. நாம் ஏறி உட்கார்வதும் முன்பக்கம்தான். ஆகவே சவாரி என்று ஒன்று தொடங்கியதுமே, ஏற்கெனவே அதிகம் சுமக்கும் கால்களுக்கு இன்னும் சுமை ஏறுகிறது. அந்தத் தசைகள் சோர்ந்தால் மார்புக்கூடு கீழே இறங்கும், நடை தட்டும், முன்னங்கால் தசைநார்கள் அடிபடும்.

இதற்கு மாற்றும் குதிரையின் உடம்பிலேயே இருக்கிறது. தலையின் உச்சியிலிருந்து பிடரி வழியாக முதுகின் மேல் விளிம்பு முழுக்க ஒரு நீண்ட தசைநார் ஓடுகிறது. குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டினால் அந்த நார் இழுபட்டு, தோள்மேட்டில், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில், உள்ள உயரமான முள்ளெலும்புகளை முன்னே இழுக்கிறது. முதுகு மேலே எழும்புகிறது. அதே சமயம் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் ஆழமாக வந்து ஊன்றினால் வயிற்றுத் தசையும் வேலை செய்து முதுகைக் கீழிருந்து தாங்கும். தலையை மேலே தூக்க வைத்தால் எல்லாம் தலைகீழ். நார் தளரும், முதுகு குழியும், முள்ளெலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும். பல வருடம் அப்படியே ஓட்டினால் எலும்போடு எலும்பு உரசும் நிலைமை வரை போகும்.

ஏரிச்சாலையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் இதை நேரில் பார்க்கலாம். எழுபது, எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஏறுகிறார். ஏறிய உடனே பயத்தில் கடிவாள வாரை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறார். கடிவாளத்தின் இரும்பு இருப்பது குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில். அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறும், நடுவில் நாக்கும்தான். வலி தாங்காமல் குதிரை மூக்கை வானத்துக்குத் தூக்குகிறது. கழுத்தின் கீழ்ப்பக்கத் தசை புடைக்கிறது. சேணத்துக்குப் பின்னால் முதுகு குழிகிறது. பின்னங்கால் எட்டு வைக்கும் தூரம் பாதியாகக் குறைகிறது. பக்கத்தில் ஓடிவரும் குதிரைக்காரர் சொல்கிறார்: “சார், கயித்த இழுக்காதீங்க. லூசா விடுங்க, அது தானா போகும்.” கை தளர்ந்ததும் நாலைந்து எட்டுக்குள் கழுத்து இறங்குகிறது, மூச்சு விடுகிறது, எட்டு நீள்கிறது. அந்தக் குதிரைக்காரர் சொன்னது டிரஸ்ஸாஜின் முதல் பாடம். அவரிடம் அதைச் சொல்லி, இதற்கு ஐரோப்பாவில் 400 வருடத்துக்கும் மேலான பள்ளிக்கூடம் இருக்கிறது என்று விளக்க யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்துப் படைத்தலைவர் ஜெனோஃபன் குதிரைப் பயிற்சி பற்றி எழுதிவைத்துவிட்டார். வற்புறுத்திச் செய்ய வைப்பதைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை, சவுக்கால் அடித்து ஆட வைத்தால் ஆட்டத்தில் அழகு இருக்காது என்பது அவருடைய வாதம். அதற்கப்புறம் நெடுங்காலம் இந்த நோக்கு பின்னுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டில் அரண்மனைகளில் திரும்பத் தலையெடுத்தது. வியன்னாவின் ஸ்பானிய ரைடிங் ஸ்கூல் பற்றிய பதிவு 1565 முதல் கிடைக்கிறது. இன்றும் பயிற்சி நடக்கும் அதன் வெள்ளை மண்டபம் 1735இல் கட்டி முடிந்தது. அதே காலத்தில் பாரிஸில் கெரினியேர் என்ற ஆசான் ‘தோள் உள்ளே’ என்ற பயிற்சிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். 1912இல் ஜெர்மன் குதிரைப்படை தன் கையேட்டில் இந்த மரபைச் சாதாரணச் சிப்பாயும் பின்பற்றும்படி ஒழுங்குபடுத்தியது. இன்றைக்கு உலகெங்கும் சொல்லிக்கொடுக்கும் ஆறு படிகள் அந்த ஜெர்மன் வழியில் உருவானவை.

படிகளுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். முதலில் பயிற்சி பெற வேண்டியது ஏறுபவர்.

வியன்னாவில் புதிதாகச் சேரும் இளைஞருக்குக் கடிவாள வாரைக் கையில் கொடுப்பதில்லை. அங்கவடியில் கால் வைக்கவும் விடுவதில்லை. ஆசிரியர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட, மாணவர் அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாள்தோறும், மாதக்கணக்கில். முழுமையான சவாரியாளர் ஆக எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை ஆகும். (2008 வரை அங்கே பெண்களைச் சேர்த்ததே இல்லை, அந்த வருடம்தான் கதவு திறந்தது.) அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: கைதேர்ந்த மூத்த குதிரைகள் புதிய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும், கைதேர்ந்த மூத்த சவாரியாளர்கள் இளம் குதிரைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தெரியாத ஆளையும் தெரியாத குதிரையையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

ஏன் இத்தனை பாடு? ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டும் உயிர் அது. நம் உட்காரும் எலும்பு ஒன்று மற்றதைவிட அழுத்தமாக இருந்தால் அதற்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் தெரியும். குதிரை டிராட் என்ற மிதமான ஓட்டம் ஓடும்போது அதன் முதுகு ஒவ்வொரு எட்டுக்கும் எழுந்து இறங்கும். நம் இடுப்பு அதோடு சேர்ந்து அசையாவிட்டால், ஒவ்வொரு எட்டிலும் அதன் முதுகில் நாம் விழுந்துகொண்டே இருப்போம். வலிக்கும் முதுகை எந்தக் குதிரையும் தூக்கித் தராது. இறுக்கிக்கொள்ளும். பைக் ஓட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல்: திரும்பவும் நிற்கவும் கை மட்டும் போதும் என்று உடம்பு நம்பிவிட்டது. குதிரையில் கைக்கு வேலை கடைசியில்தான். முதலில் இடுப்பு, அப்புறம் கால், அதற்கும் அப்புறம் விரல்கள். மேல்முதுகை நிமிர்த்தி, நிதானமாக மூச்சை வெளியே விட்டாலே பயிற்சி பெற்ற குதிரை வேகத்தைக் குறைத்துவிடும்.

ஆறு படிகளில் முதலாவது தாளம். நமக்கு இதை விளக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை. குதிரையின் நடை நான்கு அடி, தகதிமி. டிராட் இரண்டு அடி, குறுக்குக் கால்கள் சேர்ந்து விழும் தக, தக. கேன்டர் என்ற தாவு ஓட்டம் மூன்று அடி, தகிட, தகிட, ஒவ்வொரு தகிடவுக்குப் பின்னும் நான்கு காலும் காற்றில் நிற்கும் ஒரு கணம். வட்டம் போட்டாலும் வளைந்தாலும் காலப்பிரமாணம் மாறக் கூடாது. தாளம் தப்பினால் உடம்பில் எங்கோ வலி, பயம், இல்லை சமநிலை போய்விட்டது என்று பொருள். இரண்டாவது படி இறுக்கம் இல்லாமை: வால் இருபுறமும் தளர்ந்து ஆட வேண்டும், தாடை மெல்ல அசைய வேண்டும், சீறாமல் மூச்சு விட வேண்டும். மூன்றாவது, வாயும் கையும் லேசான தொடர்பில் இருப்பது. இதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். தலையைக் கையால் உள்ளே இழுத்து வளைத்துக் காட்டினால் புகைப்படம் நன்றாக வரும், பின்னங்கால் மட்டும் எங்கோ பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும். குதிரைதான் பின்னங்காலிலிருந்து முன்னே வந்து கையைத் தேட வேண்டும்.

அதற்கு மேல் உந்துவிசை, நேராக இருத்தல், ஒடுங்கல் (எடையைப் பின்னங்கால்களில் ஏந்தி உடம்பை ஒடுக்கிக்கொள்வது) என்று மூன்று. நேராக இருத்தல் பற்றி ஒரு வார்த்தை. பிறப்பிலேயே எந்தக் குதிரையும் நேராக இருப்பதில்லை. நமக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதைப் போலவே அதற்கும் ஒரு பக்கம் வளைவது சுலபம், மறுபக்கம் மரக்கட்டை. அப்படியே விட்டால் ஒரு பின்னங்கால் தள்ளும், மற்றொன்று ஒதுங்கும். முதுகில் ஆள் ஏறியபின் அந்தக் கோணல் மூட்டுகளைத் தேய்க்கும்.

‘தோள் உள்ளே’ இதைச் சரிசெய்ய வந்ததுதான். குதிரை சுவர் ஓரமாக நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தை மட்டும் சுமார் 30 பாகை உள்ளே கொண்டுவருகிறோம். பின்பக்கம் சுவர் ஓரத்திலேயே இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் நான்கு காலும் மூன்று கோட்டில் தெரியும்: உள் முன்னங்கால் ஒரு கோடு, வெளி முன்னங்காலும் உள் பின்னங்காலும் ஒரே கோட்டில், வெளி பின்னங்கால் சுவர் ஓரத்தில். இந்த நிலையில் உள் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நுழைந்துதான் ஆக வேண்டும். நுழையும்போது இடுப்பு மூட்டும் முழங்காலும் மடங்கும், அந்தப் பக்க இடுப்பு இறங்கும், எடை பின்னே நகரும். முன்னங்கால்கள் லேசாகும். பத்துப் பன்னிரண்டு எட்டு போதும், உடனே நேராக விட்டு முன்னே அனுப்பிவிட வேண்டும். கேட்டுக் கிடைத்ததும் கேட்பதை நிறுத்துவதுதான் குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. சர்க்கரைக் கட்டி எல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மாதங்கள் போகப் போக, குதிரை தன் எடையைப் பின்னங்கால்களில் ஏந்தப் பழகும். நடுவர்கள் அன்று ஹாங்சோவில் பத்துக்கு எத்தனை என்று எண்ணியது இதைத்தான்.

இதற்கெல்லாம் வயது முக்கியம். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். வியன்னாவில் லிப்பிசானர் இனக் குதிரைகளுக்கு நான்கு வயதில்தான் ஆள் ஏறும் பயிற்சி தொடங்கும். முதல் வருடம் நேராக, முன்னோக்கி நடப்பதும் ஓடுவதும் மட்டுமே. பந்தயக் குதிரைக்கோ இரண்டு வயதிலேயே ஓட்டம் ஆரம்பம். நம் நாட்டு ரைடிங் பள்ளிகளில் உள்ள குதிரைகளில் நிறைய, பந்தயத்திலிருந்து கழிந்து வந்தவை. ஜாக்கி குட்டை அங்கவடியில் எழுந்து நின்று ஓட்டுவார், முதுகில் உட்காருவது குறைவு. கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடவும் அந்தக் குதிரை பழகியிருக்கும். அதன்மேல் ஒரு புதிய மாணவர் ஏறி, பயந்து வாரை இழுத்தால் அது நிற்காது, இன்னும் வேகமெடுக்கும். “திமிர் பிடித்த குதிரை” என்று அதற்குப் பெயர் வேறு வைத்துவிடுவார்கள். கற்றுக்கொண்டதைத்தான் அது செய்கிறது. அந்தக் குதிரையை மறுபடி முதல் படிக்கே கூட்டிவந்து, நீளக் கயிற்றில் தாளத்துக்குப் பழக்கி, மாதக்கணக்கில் நடையிலேயே வேலை வாங்க வேண்டும்.

மலைக்கு இதில் ஒரு குறையும் ஒரு கொடையும் உண்டு. குறை, சமதளம் கிடைப்பது அரிது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போலக் குதிரையேற்றம் கற்றுத்தரும் வசதியுள்ள சில இடங்கள் போக, 20-க்கு 60 மீட்டர் மட்டமான மணல் திடலுக்கு நீலகிரியில் எங்கே போவது? தார்ச்சாலையில் டிராட் ஓட்டக் கூடாது. லாடம் வழுக்கும், மூட்டும் குளம்பும் அதிரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் தசை சூடேறாமல் வேலை வாங்கினால் காயம்தான். குறைந்தது கால் மணி நேரமாவது தளர்ந்த வாரோடு நடக்க விட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கொடை, சரிவு. மிதமான புல்சரிவில் நேராக, நிதானமாக ஏற விட்டால் குதிரை தானாகவே கழுத்தை நீட்டி, முதுகை உயர்த்தி, பின்னங்காலால் தள்ளும். நாம் சற்று முன்னே சாய்ந்து இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். இறங்கும்போது இன்னும் நல்ல பாடம். அவசரப்படாமல், கோணாமல், ஒவ்வொரு எட்டாக இறங்க வேண்டுமானால் பின்னங்கால் மூட்டுகள் மடங்கி எடையை ஏந்தியே ஆக வேண்டும். திடலில் வருடக்கணக்கில் தேடும் ஒடுங்கலின் தொடக்கத்தைச் சரிவு பத்து நிமிடத்தில் காட்டிவிடும். பக்கவாட்டில் கோணிக்கொண்டு இறங்க மட்டும் விடக் கூடாது. கால் வழுக்கினால் விழுவது அப்படித்தான். மழைக்காலச் சேற்றில் இதெல்லாம் வேண்டாம்.

போட்டி டிரஸ்ஸாஜ் இந்த மரபுக்கு எப்போதும் விசுவாசமாக இருக்கிறதா என்றால், இல்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நுழைந்த இந்தப் பிரிவில் 1952 வரை ராணுவ அதிகாரிகள் மட்டுமே பங்கேற்க முடிந்தது. அந்த வருடம் ஹெல்சிங்கியில் கதவு திறந்ததும், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண்மணி லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். காலால் பெரிதாக எதையும் சொல்ல முடியாத நிலையில் உடம்பின் சமநிலையாலேயே குதிரையோடு பேச முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் பணமும் பகட்டும் கூடின. முன்னங்காலை உயர வீசும் குதிரைக்குக் கைதட்டல் கிடைத்தது. மூக்கு மார்பைத் தொடும் வரை கழுத்தை வலுவில் மடக்கிப் பயிற்சி கொடுக்கும் முறை பரவி, பெரும் எதிர்ப்பு கிளம்பி, 2010இல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் வலுவந்த மடக்கலைத் தடை செய்தது. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன்பே முன்னணி வீராங்கனை ஒருவர், பயிற்சியின்போது குதிரையைச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளிவந்து விலக நேர்ந்தது. பிறகு ஒரு வருடத் தடையும் வந்தது. பதக்கம் வந்துவிட்டதென்று நம் நாட்டிலும் இளம் பிள்ளைகள் இதில் இறங்குகிறார்கள். அவர்கள் எந்த டிரஸ்ஸாஜைக் கற்கிறார்கள் என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும்.

மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கும் இந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள உடனடியாகச் சில விஷயங்கள் உண்டு, செலவும் பெரிதில்லை. குதிரை சுமக்கும் எடை, சேணத்தையும் சேர்த்து, அதன் உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. சிறுவர்களை ஏற்றலாம், எண்பது கிலோ ஆளை ஏற்றக் கூடாது. ஏரிக்கரையில் நிற்கும் குதிரைகளின் தோள்மேட்டில் வெள்ளை மயிர்த் திட்டுகள் தெரிகிறதா என்று பாருங்கள்; சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில்தான் மயிர் அப்படி வெளுத்து முளைக்கும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடம் சீராக இருக்க வேண்டும். நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் கூடுதல் என்று சந்தேகப்பட வேண்டும். பயணிக்குக் கடிவாள வாரைத் தராமல், சேணத்தின் முன்பக்கம் ஒரு பிடிவாரைக் கட்டிக்கொடுத்துவிட்டு, குதிரைக்காரரே கயிற்றைப் பிடித்து நடத்தினால் அந்த வாய்க்கு நாள் முழுக்க நிம்மதி.

பிள்ளையைக் குதிரையேற்றம் கற்க அனுப்பும் முன் அந்தப் பள்ளியின் லாயத்துக்குள் போய் இதையே பாருங்கள். குதிரைகளின் முதுகைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். துணுக்கென்று முதுகை இறக்குகிறதா, காதைப் பின்னே மடக்குகிறதா என்று கவனியுங்கள். முதல் மாதம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். நீளக் கயிற்றில், வாரும் அங்கவடியும் இல்லாமல் உட்காரப் பழக்குவோம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். முதல் வகுப்பிலேயே வாரைக் கையில் கொடுத்து ஓட்டச் சொல்கிற இடமானால், வேறு இடம் தேடுங்கள்.